பயன்படுத்திய சொல்

ஆல்பனியில் உள்ள முதியோர் இல்லமொன்றில் டிலானியும் முகிலனும் தாதியர். அங்கே காலியான மேற்பார்வையாளர் பதவிக்கு இருவரும் விண்ணப்பித்திருந்தார்கள். நேர்முகத்துக்கு முதல் நாள் டிலானி அவனிடம் கேட்டாள்.

"தம்பி, புதுசா வந்த பிள்ளையளின்ர திறமையை நல்லாப் பயன்படுத்தினன் எண்டு சொல்லோணும். 'ஐ டுக் அட்வான்டேஜ் ஆஃப் தெம்' எண்டால் சரியோ?"

சென்னையில் கான்வென்ட்டில் படித்த முகிலன் சற்று யோசித்தான்.

"சரிதான் அக்கா. இங்க எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க."

அவள் அதையே சொன்னாள். நேர்முகம் நடத்திய இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதவி முகிலனுக்குப் போனது.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது மகள் ரேச்சல் திடுக்கிட்டாள். "மம், தட் மீன்ஸ் யூ யூஸ்ட் தெம்."

புதியவர்களைச் சுரண்டினேன் என்று தன் வாயாலேயே சொல்லியிருப்பது டிலானிக்கு அப்போதுதான் விளங்கியது.

மறுநாள் முகிலனிடம் கேட்டாள். "உமக்கு அது பிழையெண்டு தெரியாதோ?"

"தெரியும்க்கா. நானும் அதே வேலைக்குத்தானே போட்டிருந்தேன்."

"தெரியாது எண்டாவது சொல்லியிருக்கலாம்."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கடைசி ரூம்ல பெல் அடிக்குது. போய்ப் பாருங்க," என்றான்.

டிலானி போனாள்.