ஆனைக்குழியை இழுத்த ஆக்ஸில்

மோலியின் பிக்கப்பில் பின் ஆக்ஸிலை மாற்றிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆனைக்குழி என்ற ஊர் மைசூருக்கு இரண்டு கிலோமீட்டர் கிட்டே வந்தது. அடுத்த ஞாயிறு இன்னும் இரண்டு. ஆக்ஸிலை மாற்றினால் மீட்டர் பொய் சொல்லும் என்று கேட்டவர்கள் சிரித்தார்கள். பஸ் கண்டக்டர்களும் அதே கணக்கைச் சொன்ன பிறகுதான் சிரிப்பு நின்றது.

மோலி மைசூரில் ஸ்டாஃப் நர்ஸ். வாரம் ஆறு நாள் ஆஸ்பத்திரி. ஞாயிறு காலை ஜெபம் முடிந்ததும் எழுபத்து நான்காம் வருஷத்துப் பிக்கப்பில் மருந்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு, மாதேஸ்வரன் மலைக்கும் அப்பால் ஒரு பள்ளத்தில் கிடக்கும் ஆனைக்குழிக்குப் போய்விடுவாள். முப்பது வீடு, நூற்று அறுபது கிலோமீட்டர். இரண்டு வருஷத்துக்கு முன் சுந்தராம்பாள் என்ற கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு பள்ளத்திலிருந்து மேலேறும்போது வண்டி முதல் கியரிலேயே மூச்சு முட்டி நின்றது. கிளட்ச் கருகிய நாற்றத்தில் அந்தப் பெண்ணின் உயிர் போயிற்று. டாக்டர் இறப்புச் சான்றுக் காகிதத்தில் காரணம் என்ற கட்டத்தில் ‘தூரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மோலி அந்தக் காகிதத்தின் நகலைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்கு வந்தது அழுகை அல்ல, கோபம்.

மைசூர் பன்னிமண்டபத்து மெக்கானிக் பர்னபாஸ், குண்டலுபேட்டைப் பழைய இரும்புக் கடையில் ஒரு செத்த லாரியின் ஆக்ஸிலைக் கண்டுபிடித்தான். ஸ்பிரிங் உட்காரும் இடத்தை வெட்டி ஒட்டவைத்து, எஞ்சின் சுற்றைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டை மூன்று அங்குலம் குறைத்து, நாலு நாளில் மாட்டிவிட்டான். பிறகு வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு, பின்சக்கரம் இரண்டையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றினான். பழைய ஆக்ஸிலில் ஷாஃப்ட் நாலு சுற்று வரும். இதற்கு ஐந்து வரவேண்டும் என்று உள்ளிருந்த கியரின் பல் எண்ணிக்கை சொன்னது. வந்தது பதினொன்று. மூன்று தரம் எண்ணிப் பார்த்துவிட்டு எண்ணுவதை விட்டான்.

“சிஸ்டர், இது இழுக்கும். ஆனா ஓடாது,” என்றான்.

“ஓடறதுக்கு நிறைய வண்டி இருக்கு பர்னபாஸ். இது இழுத்தா போதும்.”

இழுத்தது. பள்ளத்திலிருந்து மேலேறும்போதெல்லாம் வண்டி முப்பது வேகத்தைத் தாண்டாமல் உறுமிக்கொண்டு ஊரையும் கூடவே கொஞ்சம் இழுத்துவந்தது. பதினோரு மாதத்தில் நூற்று அறுபது எழுபத்திரண்டாயிற்று. நடுவிலிருந்த யாருக்கும் ஒரு சென்ட் நிலம் குறையவில்லை, ஒரு புளியமரம் காணாமல் போகவில்லை. தூரம் மட்டும் குறைந்தது. பெட்ரோல் பங்குக்காரர்கள் மட்டும் முணுமுணுத்தார்கள்.

அதன்பின் சாலை அளக்கும் அலுவலகத்திலிருந்து ஸ்ரீஹர்ஷா என்ற அதிகாரி என்.ஆர். மொஹல்லாவில் மோலி வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர், கன்னடத்தில் மரியாதையாகத்தான் பேசினார். பதிவேட்டில் நூற்று அறுபது என்று இருக்கிறது, பழைய ஆக்ஸிலை மாட்டி குறைந்த தூரத்தை முப்பது நாளுக்குள் திருப்பித் தரவேண்டும் என்றார். மோலி பைபிளைத் திறந்து அந்த நகலை அவர் கையில் கொடுத்தாள்.

“சாகடிச்சது தூரம்னு சர்க்கார் பேப்பர்லயே எழுதியிருக்கு, சார். அதைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி இன்னொரு பேப்பரா?”

அவர் நகலை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். மோலி அன்றே பழைய ஆக்ஸிலைப் பர்னபாஸிடம் சொல்லி கேஸ் கட்டரால் ஐந்து துண்டாக வெட்டச் செய்தாள். முப்பத்தோராம் நாள் காலை ஸ்ரீஹர்ஷா வந்து, பின்சக்கரங்களைச் சங்கிலியால் மின்கம்பத்தோடு கட்டிப் பூட்டுப் போட்டார். சாவியைப் பையில் வைத்த அதே நேரம் மோலியின் போன் அடித்தது. ஆனைக்குழியிலிருந்து அஞ்சலை, தலைப்பிரசவக்காரி.

“வலி வந்துருச்சுங்க சிஸ்டர். சுந்தராம்பாக்கா மாதிரி ஆயிருமாட்ட இருக்குதுங்க.”

“ஆகாது. வாசல்ல வந்து நில்லு,” என்றாள் மோலி.

மேலிடத்து உத்தரவில்லாமல் பூட்டைத் திறக்க முடியாது என்று ஸ்ரீஹர்ஷா கெஞ்சுகிற குரலில் சொன்னார். திறக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு மோலி வண்டியில் ஏறி முதல் கியரைப் போட்டாள். சங்கிலி விறைத்தது. சக்கரம் ஒரு நூல்கூட அசையவில்லை. கம்பமும் அசையவில்லை. அடியில் ஷாஃப்ட் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. மைசூர் கடைசி வரை விட்டுக்கொடுக்காததால் ஆனைக்குழிதான் வரவேண்டியதாயிற்று. முதலில் தெருமுனையில் ஈர மண் வாசனை வந்தது, பிறகு ஆட்டுப்பட்டி, பிறகு முப்பது வீடும். அஞ்சலை தன் வாசலிலிருந்து இறங்கி, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மோலியின் கேட்டுக்கு நடந்து வந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தவர் ஸ்ரீஹர்ஷா.

பத்தரைக்குப் பெண் குழந்தை பிறந்தது. மத்தியானத்துக்குள் ஆனைக்குழிக்காரர்கள் பக்கத்துக் கடையில் பால் வாங்கப் பழகிவிட்டார்கள்; தங்கள் ஆட்டுப்புழுக்கை பற்றிய முதல் சண்டையும் முடிந்திருந்தது. சாயங்காலம் ஸ்ரீஹர்ஷா டேப்பை எடுத்து, மோலியின் கேட்டிலிருந்து அஞ்சலையின் வாசல் வரை அளந்தார். நாற்பத்திரண்டு அடி. பதிவேட்டில் நூற்று அறுபதை அடித்துவிட்டு அதை எழுதினார். வண்டி அசையவில்லை என்றும் எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு, ‘பிரசவம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.