முத்திரை குத்தாத உடம்பு

டயாலிசிஸ் வார்டு வாசலில் இருந்த எடை மெஷினை முத்திரை சார் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஐந்து கிலோ எடைக்கல்லை எடுத்து அதன்மேல் வைத்தார். ஐந்து என்று காட்டியது. இன்னொன்றையும் வைத்தார். பத்து. மனிதரின் முகம் தொங்கிப்போனது.

"இப்ப திருப்தியா? கல்லைச் சுமந்து என் தோள் கழண்டுபோச்சு," என்றாள் மனைவி.

முத்திரை சார் எடையளவுத் துறையில் முப்பது வருடம் ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியதால் வந்த பெயர் அது. கள்ளத் தராசை மோப்பம் பிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஓய்வு பெற்ற மறுவருடமே அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் கையை விரித்துவிட்டன. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்தாயிற்று. அது கிடைக்கும்வரை வாரம் மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் மெஷின்தான் அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்து, தேங்கிய நீரையும் எடுத்தது.

எவ்வளவு நீர் எடுப்பது என்பதற்குத்தான் எடை பார்ப்பது. தேங்கிய நீர் இல்லாமல் சாரின் எடை அறுபத்திரண்டு கிலோ. அதற்குமேல் எத்தனை கிலோ ஏறியிருக்கிறதோ அத்தனை லிட்டர் எடுக்க வேண்டும். இரண்டைத் தாண்டினால், "தண்ணி குடிச்சீங்களா?" என்று நர்ஸ் பிடித்துக்கொள்வார்.

குடிக்கத்தான் செய்தார். நாளுக்கு முக்கால் லிட்டர் என்று மனைவி அளந்து வைத்த பாட்டிலில் பாதியைக்கூடத் தொடாமல் அவள் கண்ணில் படும்படி வைத்துவிட்டு, செடிக்கு ஊற்றுகிறேன் என்று பூவாளியோடு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். செடிகள் வாடின. அவர் கால்கள் வீங்கின.

எடை மெஷின்தான் பொய் சொல்கிறது என்ற வாதம் கல்லோடு படுத்துவிட்டதால் சார் வேறு வழி பார்த்தார். மெஷினை ஒட்டி ஒரு ஜன்னல் திட்டு இருந்தது. எடைக்கு ஏறி நின்று, தெருவை வேடிக்கை பார்ப்பவர்போல ஒரு கையை அதில் ஊன்றி அழுத்தினார். மூன்றரை கிலோ ஏறியிருந்தவருக்கு இரண்டே கிலோ காட்டியது. டயாலிசிஸ் முடிந்து எடை பார்க்கும்போதும் அதே வேடிக்கை, அதே கை. "வெரிகுட் சார்!" என்று நர்ஸ் பாராட்ட, வெட்கமில்லாமல் சிரித்து வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது தடவை வந்தபோது நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. "படுத்தா முட்டுதுன்னு நாற்காலியிலயே தூங்கறார் சிஸ்டர்," என்றாள் மனைவி. சார் எடைக்கு ஏறினார். அறுபத்து நாலு. இரண்டு கிலோவுக்கு இப்படி மூச்சு வாங்குமா என்று நர்ஸ் குழம்பிப்போய் நின்றார்.

"சிஸ்டர், அந்தக் கையைப் பாருங்க!"

முதல் கட்டிலிலிருந்து குரல் வந்தது. அன்றுதான் அந்த வார்டுக்குப் புதிதாக வந்திருந்த மளிகைக் கடைக்காரர். தட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார் என்று ஒரு காலத்தில் முத்திரை சார் அவருடைய தராசைப் பறிமுதல் செய்திருந்தார்.

"நான் விரல் வெச்சு ஏத்தினேன், சார் கை வெச்சு இறக்கறார். தொழில் தெரிஞ்சவன் சொல்றேன். கையை எடுங்க சார்!"

சார் கையை எடுத்தார். அறுபத்தேழு.

நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் ஏறியது. மெஷின் ஓடத் தொடங்கியதும் நர்ஸ் வெடித்தார்.

"அஞ்சு லிட்டர் சார்! ஒரேயடியா இழுத்தா பிரஷர் விழுந்துடும். இன்னிக்குக் கொஞ்சம், மிச்சத்துக்கு நாளைக்கும் வரணும். நல்ல கிட்னி கைமுஷ்டி அளவுதான். ரெண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு நூத்தியெண்பது லிட்டர் வடிகட்டும். வேணுங்கறதை ரத்தத்துக்கே திருப்பி விட்டுட்டு, கழிவையும் மிச்சத் தண்ணியையும் மட்டும் வெளியே அனுப்பும். அதுக்கு லீவே கிடையாது. எங்க மெஷினுக்கு வாரத்துல பன்னிரண்டு மணி நேரம்தான். அதையும் ஏமாத்தினா தண்ணி நுரையீரல்லதான் போய் நிக்கும்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "செடி ஏன் வாடுதுன்னு இப்பத்தான் புரியுது. பூவாளியில குடிச்சதைக்கூட மன்னிச்சிடுவேன். எனக்கு நீங்க வேணுங்க," என்றாள். சாருக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மூச்சு சற்றுச் சீரானதும் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். "கடைக்காரரே, உங்களுக்கு எப்படி இது?"

"முட்டிவலிக்கு நானா மாத்திரை வாங்கிப் போட்டேன் சார், பத்து வருஷமா. உங்களுக்கு?"

"பிரஷர். இருந்ததே தெரியாது. வலி கிலி ஒண்ணுமில்லை, அதனால பாக்கவும் இல்லை. ஊர்ல ஒரு தராசைக்கூட வருஷம் ஒரு தடவை சோதிக்காம விட்டதில்லை. ஒழுங்காத்தான் ஓடுதுன்னு எவனாவது சொன்னா, சோதிக்காம எப்படித் தெரியும்னு சட்டம் பேசுவேன். இந்த உடம்புக்கு மட்டும் பதினஞ்சு வருஷமா முத்திரையே குத்தலை. வலிக்கலைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லைங்க. வருஷம் ஒருதரம் பிரஷர், சுகர், ரத்தம், சிறுநீர் பாத்திருந்தா இந்தக் கட்டிலுக்கே வந்திருக்க வேண்டாம்."

சொல்லி முடித்தவர் சட்டென்று மனைவி பக்கம் திரும்பினார். "நீ கடைசியா எப்போ பாத்தே?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்."

நர்ஸ் பிரஷர் கருவியைக் கொண்டுவந்து அவள் கையில் பட்டையைச் சுற்றினார். நூற்று அறுபதுக்கு நூறு. சற்றுநேரம் உட்கார வைத்து மறுபடி பார்த்தார். அதேதான்.

"டாக்டரைப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்," என்றார் நர்ஸ். "இப்பவே பிடிபட்டது நல்லதாப் போச்சும்மா. ஒழுங்கா கவனிச்சா உங்க கிட்னியைக் காப்பாத்திடலாம்."

கடைக்காரர் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார். "சார், அம்மா மேல வழக்குப் போடுவீங்களா?"

முத்திரை சார், ஊசி குத்தாத கையால் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்திருந்தது.

"முதல் தடவைங்கறதால எச்சரிச்சு விடறேன்," என்றார். "ஆனா இனிமே மாசா மாசம் சோதனைக்கு வருவேன்."