பதினேழாம் இலக்கத்து இரண்டு அடுப்புகள்

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் பதினேழாம் இலக்க வீடு ஒன்றுதான். ஆனால் நடுவில் ஒரு பலகைச் சுவர். இந்தப் பக்கம் கனகேஸ்வரி, அந்தப் பக்கம் அவள் கணவன் ரெனால்டின் அக்கா பேர்ணடெற். ரெனால்டைக் கிறிஸ்தவ முறைப்படி அடக்குவதா, சைவ முறைப்படி எரிப்பதா என்று செத்தவீட்டில் மூண்ட வாய்த்தர்க்கம் எட்டு வருடமாக இருவரையும் பேசவிடவில்லை.

கொரோனா ஊரடங்கு வந்தது. கனகேஸ்வரி இடியப்பம் அவித்துக் கொடுத்த வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் பூட்டு. குடும்பத்துக்கு ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் என்றார்கள். பட்டியலில் பதினேழாம் இலக்கத்துக்கு ஒரே பெயர், பேர்ணடெற். தனி அடுப்பு என்று காட்டினால் கனகேஸ்வரிக்கும் தனியாகக் கிடைக்கும். மனுப் போட்டாள். கடைகள் திறக்கிற அன்று மாவும் காஸும் கையில் இல்லாவிட்டால் அவளுடைய இடத்தை வேறொருத்தி பிடித்துவிடுவாள்.

சிக்கல் என்னவென்றால், மூன்று வாரத்துக்கு முன்பே அவளுடைய காஸ் தீர்ந்துவிட்டது. அன்று மத்தியானம் பலகைச் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது.

"மச்சாள், ஒங்க பக்கம் தாளிக்கிற மணமே இல்ல. சொகமில்லையா?"

அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே பானை, பேர்ணடெற்றின் அடுப்பில்.

இன்று மனுவைப் பார்க்க அதிகாரி வரும் நாள். காலையிலேயே பேர்ணடெற் தன் காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள்.

"என்ன மச்சாள் இது?"

"பேசாம இருங்க. மிஸ் வரும்போது ஒங்க அடுப்பு எரியணும்."

"பொய்யெல்லே?"

"நீங்க எங்க சொல்றது? அடுப்புதானே சொல்லப்போகுது! பாவத்த நான் மாதா கோயில்ல சுவாமிக்கிட்டச் சொல்லிக்கிறேன்."

"கோயிலும் பூட்டு."

"அப்போ தொறக்கிற வரைக்கும் கெடக்கட்டும்."

பத்து மணிக்கு அதிகாரி பஸ்லா மிஸ் வந்தாள். கனகேஸ்வரியின் அடுப்பில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. பார்த்தாள், எழுதினாள்.

"சரி. இனி மத்தப் பக்கத்தையும் பாக்கணும்."

அதையும் பார்ப்பாள் என்ற யோசனை இருவருக்குமே வந்திருக்கவில்லை.

அந்தப் பக்க அடுப்பிலிருந்து குழாய் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"அன்ரி, சிலிண்டரே இல்லையே. எங்க சமைக்கிற?"

பேர்ணடெற் தொண்டையைக் கனைத்தாள். "நான் இவகிட்டதான் சாப்பிடுறேன், மிஸ். என் பேர வெட்டிட்டு இவ பேரப் போடுங்க."

பஸ்லா பேனாவைத் திறந்தாள். இன்னும் ஒரு நிமிடம் வாய் திறக்காமல் நின்றால் போதும், பணம் முழுவதும் கனகேஸ்வரிக்கு. அவளால் அப்படி நிற்க முடியவில்லை.

"வெட்டாதேங்கோ மிஸ்! அந்தச் சிலிண்டர் இவவின்ர. மூண்டு கிழமையா இவதான் எனக்குச் சோறு போடுறா. எனக்கெண்டு தனி அடுப்பில்லை."

"அப்ப இந்த மனு?"

"கிழிச்சுப் போடுங்கோ."

பஸ்லா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் சிரித்தன.

"ஒரே சோறு எண்டா ஒரே குடும்பம்தான். ஐயாயிரம் ஒண்டுதான் வரும், சரியா? ஆக்கள் ரெண்டு எண்டு எழுதுறன். ஒங்களுக்கு இவ என்ன முறை?"

"மச்சாள்," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

அவள் படி இறங்கியதும் பேர்ணடெற் பொரிந்து தள்ளினாள். "பைத்தியமா ஒங்களுக்கு? இன்னொரு ஐயாயிரம் போச்சே! இனி மாவுக்கு என்ன செய்வீங்க?"

கனகேஸ்வரி அடுப்பைத் தணித்தாள்.

"நாளைக்கு வாற சல்லியில மொதல்ல மாவு வாங்குவோம்," என்றாள் பேர்ணடெற், கோபம் ஆறாமலே. "மிச்சத்துக்குப் பருப்பு. ஆனா ஒண்டு, என்னால இடியப்பம் புழிய ஏலாது. தோள்மூட்டு நோவும்."

"நீங்கள் தட்டில எடுத்து அடுக்குங்கோ. அது போதும்."

"கட தொறக்கிற அன்னைக்கு எத்தன மணிக்கு எழும்பணும்?"

"மூண்டுக்கு."

"மாதாவே!" என்றாள் பேர்ணடெற். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.