இருபத்தெட்டு செல்கள்

1

இந்தக் கதையை ஒரு பொய்யைக் காப்பாற்றத்தான் எழுதத் தொடங்கினேன். முதல் வடிவில் பேட்டரி செல்களை வாங்கியது அண்ணன். இரண்டாவதில், நான் புதிதாக உண்டாக்கிய ஒரு பக்கத்து வீட்டுக்காரர். (அவருக்கு மீசையெல்லாம் வைத்தேன்.) மூன்றாவதில் 'செல்கள் வந்து சேர்ந்தன' என்று எழுதி நழுவிக்கொண்டேன். இது நான்காவது. வாங்கியது நான்.

2

அண்ணனுக்குக் கடைகளில் இருக்கும் எலெக்ட்ரானிக் தராசுகளைப் பழுது பார்க்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் கூடத்து மேசையில் வேறொரு உலகம்: ஒயர்கள், கட்டைவிரல் நகமளவே உள்ள கணினிப் பலகைகள், போன் சார்ஜரில் சொருகினால் எட்டு விநாடியில் சூடாகிவிடும் சால்டரிங் அயர்ன். அதை வாங்கிய அன்று குழந்தை மாதிரி எல்லோருக்கும் காட்டினான்.

"உங்க அண்ணனுக்கு நான் ரெண்டாந்தாரம்மா. மூத்தவ அதோ, மேசையில பொகைஞ்சிட்டு இருக்கா" என்பாள் அண்ணி.

அண்ணிக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்துபோகிற நோய். கடைசி ஒரு வருடம் மூச்சுக்கும் இயந்திரம் வேண்டியிருந்தது. எங்கள் பகுதியில் மின்சாரம் சொல்லிக்கொண்டும் போகும், சொல்லாமலும் போகும். அதனால் அண்ணன் ஒரு பேட்டரிப் பெட்டி செய்தான். முகப்பில் சின்னத் திரை, இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று காட்டும். உள்ளே இருபத்தெட்டு லித்தியம் செல்கள். லேப்டாப் பேட்டரிக்குள் இருக்குமே, அந்த விரல் நீள உருளைகள்.

அவள் மிகவும் தைரியசாலி, கடைசிவரை சிரித்துக்கொண்டே

(இல்லை. பல நாள் எரிந்து விழுவாள். ஒருமுறை என்மேல் கரண்டியை எறிந்தாள். எறியுமளவு கையில் பலம் இருந்ததே என்று அன்று அண்ணன் சந்தோஷப்பட்டான்.)

3

"இந்தக் கடையிலயே வாங்கு பாப்பா. வேற எங்கயும் வேணாம்" என்று செல்களுக்கான இணைப்பை அண்ணன் அனுப்பினான். அந்தக் கடையில் மூன்று வாரம் ஆகும் என்று போட்டிருந்தது. அடுத்த வாரம் முழுக்க மின்தடை என்று அறிவிப்பு வந்திருந்தது. வேறொரு கடையில் அதே கம்பெனிப் பெயர், அதே நீல உறை, இரண்டே நாள், ஐந்து நட்சத்திரம். அழுத்திவிட்டேன்.

பார்சல் வந்தபின்தான் சொன்னேன். அண்ணன் முகம் சுருங்கியது. மேலே இருந்த நாலு செல்களை எடுத்துச் சோதிக்கும் கருவியில் போட்டான். ராத்திரி பார்த்தபோது நாலும் சரியாக இருந்தன.

"எல்லாத்தையும் பாத்துடலாமா?" என்றேன்.

"ஒண்ணுக்கு அஞ்சு மணி நேரம் ஆகும். திங்கக்கிழமை கரண்ட் போயிடும். பரவால்ல, நல்லாத்தான் இருக்கு."

அந்த 'நல்லாத்தான் இருக்கு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் முதல் மூன்று வடிவங்களையும் எழுதினேன்.

4

மின்சாரம் நின்றபோது நான் சமையலறையில்

(இல்லை. பக்கத்திலேயே இருந்தேன்.)

திங்கட்கிழமை காலை பத்தேகால். அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். விசிறி நின்றது, பெட்டி 'டிக்' என்று பொறுப்பெடுத்துக்கொண்டது. திரையில் ஆறு மணி நேரம்.

"பாரு, உங்க அண்ணன் கெட்டிக்காரன்தான். அவன்கிட்ட சொல்லிடாத" என்றாள் அண்ணி, முகமூடிக்குள்ளிருந்து.

ஐம்பதாவது நிமிடம். திரை நான்கே முக்கால் மணி நேரம் பாக்கி என்று காட்டிக்கொண்டிருந்தபோதே அணைந்தது.*

இயந்திரம் ஒருமுறை கத்திவிட்டு நின்றது. சுவரில் மாட்டியிருந்த, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ரப்பர் பையை எடுத்து அவள் முகத்தில் பொருத்தி, சொல்லிக்கொடுத்தபடி அழுத்தினேன். மூக்கோரம் காற்று கசிந்தது. ஒரு கையால் பிடித்து ஒரு கையால் அழுத்த எனக்குச் சரியாக வரவில்லை. அவள் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. பயம் இருந்தது. என்னைத் திட்டுவது போலவும் இருந்தது. ஆம்புலன்ஸ் வர முப்பத்தைந்து நிமிடம். அதற்குள்

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.)

* ஒரு வரிசை செல்கள் தீர்ந்தால் உள்ளிருக்கும் பாதுகாப்புப் பலகை மொத்தத்தையும் நிறுத்திவிடும். தீப்பிடிக்காமல் இருக்க. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

5

எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு, அண்ணன் பெட்டியைப் பிரித்தான். செல்களைக் கழற்றி, பழுதுக்கு வந்திருந்த ஒரு தராசில் ஒவ்வொன்றாக வைத்தான். நாற்பத்தைந்து கிராம். நாற்பத்தைந்து. முப்பத்தொன்று. இருபத்தொன்பது. ஒன்பது செல்கள் அப்படி எடை குறைவு. ஒன்றை அறுத்தான். உள்ளே சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத ஒரு செல். சுற்றிலும் வெள்ளைத் தூள்.

"இருவது வருஷமா தராசு பாக்கறேன். எடை போட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்."

"நான்தானே வாங்குனேன்."

"நீ வாங்குன. நான் போட்டேன்."

அதற்கு மேல் அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

6

வேறொரு முடிவும் எழுதினேன். அதில் செல்கள் நல்லவை. மூன்று மணி நேரத்தில் மின்சாரம் வருகிறது. அண்ணி பசிக்கிறது என்கிறாள், நான் செய்ததில் உப்பில்லை என்று முகம் சுளிக்கிறாள். இரண்டு பக்கம், நன்றாகவே வந்திருந்தது. அழித்துவிட்டேன்.

7

பெட்டி முடிந்த அன்றே அண்ணன் அதைச் செய்த விதத்தைப் படங்களோடு ஓர் இணையக் குழுவில் போட்டிருந்தான். மற்றவர்களுக்கும் உதவட்டுமே என்று. கீழே செல் வாங்கிய கடையின் இணைப்பு, நான் வாங்கிய கடை. அதற்குள் பதினான்கு பேர் அதைப் பார்த்துச் செய்திருந்தார்கள்.

"எச்சரிக்கை போடணும். நீ எழுது, உனக்குத்தான் எழுத வரும்" என்றான்.

'போலி செல்களை வாங்கியது என் தங்கை' என்று எழுதினேன். அவன் கடைசி இரண்டு சொற்களை அழித்து 'நான்' என்று அடித்தான்.

"அண்ணா, அது பொய்."

"பொட்டி என்னுது. போடு."

போட்டேன். அதன் கீழே என் கணக்கிலிருந்து எழுதினேன்: வாங்கியது நான், அவன் தங்கை. அவன் வாசித்தான்.

"இதை எழுதுனா அவ வந்துடுவாளா?"

"மாட்டா."

"சரி, இருக்கட்டும்" என்று எழுந்து போய் முகம் கழுவினான். வெகுநேரம் கழுவினான்.

பதின்மூன்று பேர் பதில் எழுதிவிட்டார்கள். சிலர் அழுதார்கள், ஒருவர் கொலைகாரா என்றார். நான்கு பேருடைய பெட்டிகளிலும் வெள்ளைத்தூள் செல்கள் இருந்திருக்கின்றன, நல்லவேளையாகக் கழற்றிவிட்டார்கள். ஒருவர் மட்டும் எழுதவில்லை. குழுவில் 'மழைக்குருவி' என்று பெயர். ஆணா பெண்ணா தெரியாது. அப்பாவின் கட்டிலருகே பெட்டி இருக்கும் படத்தைப் போட்டு, 'அப்பா இன்னிக்கு நிம்மதியா தூங்கினாரு, நன்றி அண்ணா' என்று எழுதியிருந்தார். அதுதான் கடைசி. பதினோரு நாளாகிறது. அண்ணன் வேலைக்குப் போவதில்லை. அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறான்.

இந்தக் கதையை எங்கே முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர்தான். இதை எத்தனை இடத்தில் வெளியிட முடியுமோ அத்தனை இடத்துக்கும் அனுப்புகிறேன். மழைக்குருவி, இது உங்கள் கண்ணில் பட்டால், அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி எழுதுங்கள். என்னவாக இருந்தாலும் எழுதுங்கள்.