இல்லாத மரம் விழுந்த வீடு

1

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். சொல்லச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. பழக்க தோஷம்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் விமானச் சீட்டு விற்கும் கடையொன்றின் பின்பக்கத்தில் எனக்கு ஒரு மேசை உண்டு. பிரெஞ்சில் எழுதவராத சனங்களுக்கு அங்கேயிருந்து படிவம் நிரப்பிக் கொடுப்பேன். ஒரு சிறுகதைத் தொகுப்பும் போட்டிருக்கிறேன். முந்நூறு பிரதிகளில் பாதிக்கு மேல் என் கட்டிலுக்கு அடியில் சுகமாக இருக்கின்றன.* இரண்டு வேலையையும் ஒரே பேனாவால் செய்ததுதான் வினையாகப் போயிற்று.

(* வேண்டியவர்கள் ஒரு நாள் முன்னதாகச் சொல்லவும். கட்டிலை நகர்த்த ஆள் பிடிக்க வேண்டும்.)

2

ஆரம்பத்தை மூன்று தரம் எழுதிப் பார்த்தேன்.

"2010 பெப்ரவரி கடைசி ஞாயிறு. அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து தலைவிரி கோலமாகப் புறப்பட்ட அந்த அரக்கி…" வேண்டாம். அந்தப் புயலுக்குச் சிந்தியா என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்து அழைத்த பிறகு அரக்கி என்பது மரியாதையில்லை.

"பியர்ஃபித்-சூர்-செய்னில் ஒரு வீடு இருந்தது." வீடு இப்போதும் இருக்கிறது. அதுதானே பிரச்சினை.

"கோசலைக்கு நாற்பத்தொரு வயது. அவளுடைய அகன்ற கண்களில்…" இதைக் கோசலை வாசித்தால் அப்புறம் என் மேசைப்பக்கம் வரமாட்டாள். வந்தாலும் புருஷன் தவரத்தினத்தையும் கூட்டிக்கொண்டுதான் வருவாள்.

ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கோசலை, ஸ்தேனில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். அவளும் தவரத்தினமும் வாங்கிய சின்ன வீட்டின் வடக்குச் சுவருக்கு வெளியே, குளிரும் மழையும் உள்ளே இறங்காதபடி, வெண்ணெய் நிறத்தில் பிளாஸ்டிக் பலகைகள் அடிக்கப்பட்டிருந்தன. பிரெஞ்சுக்காரர் அதற்குப் பர்தாஜ் என்பார்கள். சிந்தியா வந்த இரவு அதில் பதினொரு பலகைகள் பிய்ந்து போயின. சுவருக்கு அந்தப் பக்கம் மகள் கஜந்தினியின் அறை. அடுத்த ஞாயிறு கஜந்தினிக்குச் சாமத்திய வீடு, அதாவது பூப்புனித நீராட்டு விழா. மண்டபம் பிடித்து, அழைப்பிதழும் கொடுத்தாகிவிட்டது.

இப்போது உங்களுக்கு எல்லாம் தெரியும். எனக்கும் அன்றைக்கு இவ்வளவுதான் தெரியும்.

3

புயற்சேதத்தை ஐந்து வேலை நாளுக்குள் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். கோசலை நான்காம் நாள் வந்தாள். கையில் படிவம், தோளில் தையல்காரியிடம் கொடுக்க வேண்டிய சட்டைத்துணி.

படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: "சம்பவம் நடந்த விதத்தை விவரிக்கவும்." ஆறு வரிக்கு இடம்.

"சொல்லுங்கோ, என்ன நடந்தது?"

"இரவு காத்து அடிச்சது அண்ணை. காலமை எழும்பிப் பாத்தா பலகையள் முத்தத்திலை கிடந்தது."

"பிறகு?"

"பிறகென்ன, அவ்வளவுதான்."

எழுதினேன். ஒன்றரை வரிக்குள் முடிந்துவிட்டது. நாலரை வரி வெறுமையாகக் கிடந்து என்னையே பார்த்தது. கதை எழுதுகிறவனுக்கு அந்த நாலரை வரி எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அதில் ஒரு மரத்தை நட்டேன். நல்ல முதிர்ந்த பிளாத்தான் மரம். அது நள்ளிரவில் முறிந்து, சுவரில் மோதி, பலகைகளைப் பெயர்த்துக்கொண்டு சாய்ந்தது. பிரெஞ்சில் அந்த வாக்கியம் என்ன அழகாக வந்தது தெரியுமா! எனக்கே மெய்சிலிர்த்தது.

"படம் ஏதும் எடுத்தனீங்களோ?"

"என்ன அண்ணை கதைக்கிறியள்? நல்ல காரியம் நடக்கப்போற வீடு. அதுக்கு முன்னாலை ஆராவது பீத்தல் சுவரைப் படமெடுப்பினமோ?"

தவரத்தினம் அதற்குள் சுவரை நீலத் தார்ப்பாயால் மூடிவிட்டாராம். விழுந்த பலகைகளை வீணாக்காமல், முற்றத்தில் பலகாரம் சுடும் அடுப்புக்குக் காற்று மறைப்பாக நிறுத்தியிருக்கிறாராம். கெட்டிக்காரர்.

கோசலை கையெழுத்துப் போட்டாள். எழுதியதை நான் வாசித்துக் காட்டவில்லை. அவளுக்குத் தையல்காரியிடம் போக நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

[இந்தக் கடைசி மூன்று வாக்கியங்களையும் இரண்டு தரம் வெட்டினேன். திருப்பிப் போட்டிருக்கிறேன். இவை இல்லாவிட்டால் நான் நல்லவனாகத் தெரிவேன். கதை கெட்டுப்போகும்.]

4

நிறுவனம் படம் கேட்டு எழுதியது. கோசலை யோசித்தாள். மார்ச் கடைசியில் சாமத்திய வீட்டு அல்பம் வந்து சேர்ந்தது. அதில் வீடு தெரிகிற படம் ஒன்றிருந்தது. கஜந்தினி பட்டுச்சேலையில், பெற்றோர் இரு பக்கமும், பின்னால் வடக்குச் சுவர். எல்லாரும் நன்றாகச் சிரித்திருந்தார்கள். அதைப் பிரதியெடுத்து அனுப்பிவிட்டாள்.

இதைப் பின்னர் கேட்டபோது, "ஒரு கந்தோருக்கு அனுப்பிற படம் வடிவா இருக்க வேண்டாமோ?" என்றாள்.

அந்தப் படத்தை எடுத்தவர் கஜன். லா சப்பலில் அவரிடம் அல்பம் செய்தால் ஆளையே மாற்றித் தருவார் என்று பெயர். அவரும் நானும் ஒரு சாதி, கலைஞர்கள். நீலத் தார்ப்பாய் அவர் கண்ணைக் குத்தியிருக்கிறது. கணினியில் உட்கார்ந்து, பலகை பலகையாக அந்தச் சுவரைத் திருத்திவிட்டார். திருத்திய கை சும்மா இருக்குமா? பக்கத்தில் ஓர் அருவியையும் ஓடவிட்டார்.

5

ஏப்ரலில் வந்த கடிதத்தைக் கோசலை என் மேசையில் வைத்தாள். உரத்து மொழிபெயர்த்தேன்.

"…தாங்கள் அளித்த விளக்கத்தின்படி பிளாத்தான் மரமொன்று சுவரில் விழுந்துள்ளது. தாங்கள் அனுப்பிய படத்தில் சுவர் பூரணமாக உள்ளது. மரம் எதுவும் காணப்படவில்லை. ஓர் அருவி காணப்படுகிறது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களுக்கும் வந்திருக்கும். பரவாயில்லை, சிரியுங்கள். கோசலை சிரிக்கவில்லை.

"என்ன மரம் அண்ணை?"

நான் சொன்னேன்.

"எங்கடை வீட்டுப் பக்கத்திலை மரமே இல்லையே."

"ஒரு அழுத்தம் இருக்கட்டுமெண்டு…"

கடிதத்தில் மிச்சமும் இருந்தது. பொய்யான விளக்கம் என்று தெரியவந்தால் நட்டஈடு இல்லை, ஒப்பந்தமும் இரத்து. செவ்வாய்க்கிழமை நிபுணர் ஒருவர் வந்து பார்ப்பார்.

கோசலை கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, கோபமே இல்லாத குரலில் இதைச் சொன்னாள். அவள் சொன்னபடியே தருகிறேன்.

"நான் இந்த நாட்டுக்கு வந்த புதுசிலை என்ரை அகதிக் கேசை ஒருத்தர் எழுதித் தந்தவர். எனக்குத் தமையன் ஒருத்தன் இருந்தவன், அவனை ஆமி பிடிச்சதெண்டு எழுதியிருக்கிறார். எனக்குத் தமையனே இல்லை. உங்களை மாதிரித்தான், அழுத்தத்துக்கு. எனக்கு வாசிச்சுக் காட்டேல்லை. விசாரணையிலை அவை கேட்டினம், உம்மடை தமையன்ரை பேர் என்னவெண்டு. நான் முழிச்சுக்கொண்டு நிண்டன். பொய்க்காரி எண்டு தள்ளிப் போட்டினம். எனக்கு உண்மையிலை நடந்தது அதுக்கை ஒரு வரியிலும் இல்லை அண்ணை. பிறகு அப்பீலிலை நானே வாயாலை சொல்லித்தான் எடுத்தனான். மூண்டு வருசம் போச்சுது."

அவள் கடிதத்தை மடித்தாள்.

"காசு தராட்டிலும் பரவாயில்லை. இன்னொருக்காப் பொய்க்காரியாக ஏலாது."

எனக்கு வெட்கமாக இருந்தது. இதற்கு மேல் இதை நன்றாக எழுதப் பார்க்கமாட்டேன். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

6

இப்போது முடிவு. சில முடிவுகளைத் தைத்துப் பார்த்தேன்.

(அ) கஜனிடம் அசல் படம் கிடைக்கிறது. எல்லாம் சுபம். ஆனால் விசாரித்தேன், அசல் படத்திலும் நீலத் தார்ப்பாய்தான் இருக்கிறது.

(ஆ) வருகிற நிபுணர் ரோசாலி என்றொரு புதுச்சேரிப் பெண். வெள்ளைக்காரி மாதிரி நின்று, கணவன் மனைவி தமிழில் பேசுவதையெல்லாம் கேட்டு, கடைசியில் "எனக்குத் தமிழ் தெரியுங்க" என்கிறாள். வாசகர் கைதட்டுவார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு மரத்தை நட்டு இவ்வளவு பட்டபிறகு ஓர் ஆளையே நடுவதற்குத் துணிவு வரவில்லை.

(இ) நான் நிறுவனத்துக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு உருக்கமான கடிதம் எழுதுகிறேன். அதைப் படித்த அதிகாரி கண்… சீ.

ஆக, நிபுணர் வேடத்துக்கு என்னிடம் ஆள் இல்லை. இங்கே இருப்பது நீங்கள் ஒருவர்தான். கொஞ்சம் எழும்பி வாருங்கள்.

7

செவ்வாய்க்கிழமை. நீங்கள் கார் து நோர் நிலையத்தில் ஆர்.ஈ.ஆர். டி ரயில் பிடித்து, பியர்ஃபித்தில் இறங்கி, பத்து நிமிடம் நடந்து வருகிறீர்கள். கையில் கோப்பு. கோப்பில் ஒரு மரமும் ஓர் அருவியும் இருக்கின்றன. ஆகையால் உங்கள் முகம் அவ்வளவு நன்றாக இல்லை.

தவரத்தினம் வேலைக்குப் போய்விட்டார். வாசலில் கோசலை நிற்கிறாள். மொழிபெயர்க்க நானும் வந்திருக்கிறேன். ஆனால் வாய் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. "நீங்கள் கதையாதேங்கோ அண்ணை, நான் சொல்லுறன்." பள்ளிக்கூடச் சமையலறையில் பழகிய பிரெஞ்சில் அவளே சொல்கிறாள். அதை அவளுடைய தமிழிலேயே போடுகிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

"மரம் எங்கே, மதாம்?" இது நீங்கள்.

"மரம் இல்லை. அது இவர் எழுதினது. நான் வாசிக்காமல் கையெழுத்து வைச்சது என்ரை பிழை."

நீங்கள் என்னைப் பார்க்கிறீர்கள். நான் என் சப்பாத்தைப் பார்க்கிறேன்.

"அருவி?"

"அது படம் பிடிக்கிறவர் விட்டது."

நீங்கள் கோப்பை மூடப் போகிறீர்கள். அப்போது அவள் ஏணியில் ஏறித் தார்ப்பாயை அவிழ்க்கிறாள். சுவர் தெரிகிறது. பலகைக்கு அடியில் குளிர் தடுக்க வைத்த பஞ்சு நனைந்து கறுத்துத் தெரிகிறது. அதற்குக் குறுக்கே வரிசையாக ஆணிகள்.

"இஞ்சை பாருங்கோ. ஆணியெல்லாம் சுவரிலையே நிக்குது. ஒவ்வொரு ஆணியிலும் பலகையின்ரை துண்டு கிடக்கு."

கீழே இறங்கி, முற்றத்து மூலையிலிருந்து பலகைகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து உங்கள் காலடியில் வைக்கிறாள். பதினொன்று. எண்ணெயும் மஞ்சளும் தெறித்துக் கிடக்கின்றன. ஒன்றில் ஏதோ ஒரு மாமியின் மஞ்சள் கை அப்படியே பதிந்திருக்கிறது.

"ஓட்டையளைப் பாருங்கோ. கிழிஞ்சிருக்கு. ஆக்கள் கழட்டினதெண்டா ஆணி வெளியிலை வந்திருக்கும், ஓட்டை வட்டமா இருக்கும். இது காத்து பிச்சது. எண்ணெய் நாங்கள் பொரிச்ச எண்ணெய். அதையும் சொல்லுறன்."

இரண்டு மாதமாக அந்த ஆணிகள் அங்கேதான் இருந்தன. மரம் நட்ட நான் ஒரு தரம் வந்து சுவரைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

உங்களிடம் ஒரு படிவம் இருக்கிறது. அதிலும் ஒரு கட்டம்: "நிபுணரின் முடிவு." ஆறு வரிக்கு இடம். இந்த இடத்தில் நான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். காற்றா, கதையா என்று நீங்கள்தான் எழுத வேண்டும். நீங்கள் காற்று என்று எழுதினால் மழைக்கு முன் சுவர் மூடப்படும். கதை என்று எழுதினால், இந்த நாட்டின் கோப்புகளில் இரண்டாம் தரம் கோசலை பொய்க்காரி. என் தயவுக்காக எதையும் எழுதிவிடாதீர்கள். நான் எழுதியதை நம்பி ஏற்கெனவே ஒரு குடும்பம் பட்டது போதும்.

பேனாவை எடுக்கிறீர்கள். கோசலை கையில் ஒட்டிய மஞ்சளைச் சீலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, உங்களுக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போடுகிறாள்.

"ஆறுதலா எழுதுங்கோ," என்கிறாள். "என்ன எழுதினாலும் சரி. எழுதி முடிச்சாப் பிறகு எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ."