தேவதூதனுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது

ஓவியர் எர்கொலானோவுக்கு வானத்திலிருந்து யாரோ இறங்கி வந்து பாட்டுச் சொல்லிக்கொடுத்ததாக இத்தாலியின் பெரூஜா ஊரில் எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். ஸ்வரம் படிக்கத் தெரியாத மனுஷன், தேவாலயப் பீடத்துப் படத்தில் தேவதூதன் விரித்துப் பிடித்திருக்கும் ஏட்டில் நிஜமாகவே பாடக்கூடிய பாட்டை வேறெப்படி வரைந்திருக்க முடியும்?

எர்கொலானோ மறுக்கவில்லை. ஏடு அவர் மகள் ஃபீனாவுடையது. அவர் வண்ணத்துக்கு முட்டை மஞ்சள்கருவைக் குழைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாடுவாள். நெஞ்சில் நோய். அல்லேலூயாவின் நடுவில் மூச்சு முட்டும். நிறுத்திக்கொள்ள ஏட்டில் அங்கே ஒரு சின்னக் கோடு கிழித்து வைத்திருந்தாள். போன குளிர்காலத்தில் போய்ச்சேர்ந்தாள். அவர் அந்த ஏட்டைப் புள்ளி பிசகாமல் படத்தில் ஏற்றினார்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு பாடகர் குழுத் தலைவர் சினிபால்தோ சாமியார் வந்து, படத்தைப் பார்த்தபடியே முணுமுணுத்துப் பாடினார். பாதியில் நின்றார்.

"என்னப்பா இது, அல்லேலூயாவ நடுவுல வெட்டி வச்சிருக்க?"

"அங்க மூச்சு வாங்கணும் சாமி."

"யாருக்கு?"

எர்கொலானோ படத்திலிருந்த தேவதூதனைக் காட்டினார்.

"தேவதூதனுக்கு நுரையீரலே கிடையாதுப்பா. அவனுக்கு எரைக்குதுன்னு பிஷப் பாத்தா என்னத்தான் கேப்பாரு."

சபை கூடியது. சொர்க்கம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, எழுதிய கைதான் பிசகியது, கோட்டை எடுத்துவிட வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்ப்பானது. சொர்க்கத்தை யாரும் விசாரிக்கவில்லை. கீழே இருந்து பார்த்தால் அந்தக் கோடு யார் கண்ணுக்கும் தெரியாது என்று எர்கொலானோ கெஞ்சிப் பார்த்தார். கடவுளுக்குத் தெரியும் என்றார் சாமியார்.

வீட்டில் மனைவி நூத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பருப்புக் கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"சுரண்டிடாத. மேல பூசிடு. அடியில இருந்துட்டுப் போகட்டும்."

மறுநாள் அப்படியே செய்தார். கோட்டின் மேல் ஓர் அரிசி அகலத்துக்கு வெள்ளை. அதற்கு ஒரு முழுக் காலை பிடித்தது.

திருவிழாவன்று குழு படத்தைப் பார்த்துப் பாடியது. அல்லேலூயா தங்குதடையில்லாமல் ஓடியது. பிஷப் கண்மூடித் தலையசைத்தார். கோடு இருந்த இடம் வந்தபோது, ஜனங்களின் பின்வரிசையில் இரண்டு பேர் மட்டும் சத்தமாக மூச்சை இழுத்தார்கள்.

சினிபால்தோ சாமியார் திரும்பி முறைத்தார். நூத்தா எர்கொலானோவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.