வெளுத்துப்போன அட்டை

1

இந்தக் கதை ஓட்டுப் போடும் வரிசையில் எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்பதுகூடக் கொஞ்சம் பெருமையடிப்புதான். என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள், நான் தடுமாறினேன், அந்தத் தடுமாற்றம் நான்கு நாளாகத் தூங்கவிடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “மக்களாட்சியின் ஆலயமாகிய வாக்குச்சாவடியில் அன்று மாலை—”

(அடித்துவிட்டேன். அது இரண்டாம் வகுப்பு அறை. கரும்பலகையில் பாதி அழித்த கழித்தல் கணக்கு. அதிகாரிகள் முழங்கால் இடிக்கக் குட்டி மேசைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.)

2

எனக்கு முன்னால் நின்ற அக்கா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர். சீருடைகளை இயந்திரத்தில் போடுமுன் ஒவ்வொரு பையையும் துழாவிப் பார்ப்பது அவர் பொறுப்பு. பேனா, மாத்திரை, ஒருமுறை ஒரு மருத்துவரின் கல்யாண மோதிரம்கூட எடுத்துக் கொடுத்திருக்கிறாராம். போன வாரம் தன் மேலங்கியை மட்டும் பார்க்காமல் போட்டுவிட்டார். அடையாள அட்டை கொதிநீரில் முக்கால் மணி நேரம் சுற்றியது. பெயரும் எண்ணும் தப்பித்தன. படம் இருந்த இடம் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது.

“ஊரான் பாக்கெட்டையெல்லாம் தடவுற எனக்கு என் பாக்கெட் ஞாபகம் வரல பாருங்க” என்று வரிசையில் சொல்லிச் சிரித்தார். பின்னாலிருந்து ஒருவர், “கட்சிக்காரங்க துணியைத்தானே வெளுக்கணும், நீங்க அட்டையை வெளுத்துட்டீங்களேக்கா” என்றார்.

முகம் தெரியும் அட்டை காட்டினால்தான் ஓட்டு என்பது இந்தத் தேர்தலில் வந்த விதி. புது அட்டைக்கு மூன்று வாரம் ஆகும். போன தேர்தலன்று அவருக்கு இரட்டை வேலை, வர முடியவில்லை. இந்த முறை மேற்பார்வையாளரிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் வாங்கி வந்திருந்தார்.

3

இரண்டாம் வரைவில் அதிகாரியைக் கல்நெஞ்சக்காரராக எழுதினேன். முறைப்பதற்கு வசதியாக மீசையும் வைத்தேன். கதை நன்றாக ஓடியது. ஆனால் அது பொய். அவர் எங்கள் பகுதித் தபால்காரர், தேர்தல் வேலைக்கு வந்திருந்தார். அந்த அட்டையை உறையோடு அக்காவின் கையில் கொடுத்ததே அவர்தான்.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: “எனக்கு உங்களைத் தெரியும்க்கா. ஆனா இந்த நாற்காலில உட்கார்ந்துட்டுத் தெரியும்னு நான் சொல்லக் கூடாது.”

போன தேர்தலில் அப்படித் தெரியும் என்று சொல்லியிருக்கிறார். பழகிய முகம் என்று ஒரு பெண்ணை உள்ளே விட்டார். மாலையில் அந்தப் பெண் சொன்ன பெயருக்கு உண்மையில் உரியவர் வந்து நின்றார். அவருடைய ஓட்டு ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. “அவங்க என்னைத் திட்டியிருந்தா மறந்திருப்பேன். ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்க.”

(அட்டை கேட்பது ஏழைகளை வடிகட்டும் வேலை என்று அதுவரை உறுதியாக இருந்தேன். இப்போதும் பாதிக்கு மேல் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போன அந்தப் பெண்ணை என் வாதத்தில் எங்கே உட்கார வைப்பேன்?)

4

விதியில் ஒரு சின்னக் கதவு இருந்தது. அதே வாக்காளர் பட்டியலில் உள்ள ஒருவர், “இன்னார் இவர்தான் என நான் அறிவேன், கடவுள் சாட்சி” என்று அச்சடித்த தாளில் கையெழுத்திடலாம். அக்காவின் வீட்டுக்காரர் லாரியோடு வெளியூர் போயிருந்தார். அக்கம்பக்கத்தார் காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். வரிசையில் இருந்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள்.

தபால்காரர் என்னைப் பார்த்தார். “சார், உங்களுக்கு இவங்களைத் தெரியுமா?”

ஒன்பது வருடமாகத் தெரியும். காலைப் பேருந்தில் எனக்கு இடம்பிடித்து வைப்பார். என் காய்ச்சலை விசாரிப்பார். ஆனால் அவர் பெயர்—

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அன்றும் முடிக்க முடியவில்லை.)

அட்டையில் பெயர் இருந்தது, முகம் இல்லை. என்னிடம் முகம் இருந்தது, பெயர் இல்லை. கடவுள் சாட்சி என்பது பலருக்கு அச்சடித்த எழுத்து. நான் தினமும் அந்தக் கடவுள் முன்னால் மண்டியிடுகிறவன்.

“உங்க பேரு என்னக்கா?” என்று கேட்டேன். வெட்கமாக இருந்தது.

சொன்னார். அட்டையில் இருந்த அதே பெயர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “மனசுக்கு உறுத்துச்சுன்னா வேணாம் தம்பி. எனக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க. நான் அடுத்த தடவை போட்டுக்கிறேன்.”

தன் ஓட்டு கைநழுவும் நேரத்தில் என் மனசாட்சியைப் பார்த்துக்கொள்கிறார். இப்படிப்பட்டவரை நான் அறிவேனா, அறியமாட்டேனா?

5

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் கையெழுத்திட்டேன், எல்லோரும் கைதட்டினார்கள் (யாரும் கைதட்டமாட்டார்கள்). ஒன்றில் மறுத்தேன், விதியை மதித்த நிம்மதியோடு வீடு திரும்பினேன் (நிம்மதியாம்). மூன்றாவது, உண்மையில் நடந்தது. அதைச் சொன்னால் நீங்கள் என்னை எடைபோட்டுவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.

ஆகவே நான் நகர்ந்துகொள்கிறேன். எனக்கு அடுத்து நிற்பது நீங்கள். சாவடி மூட ஆறு நிமிடம் இருக்கிறது. அவர் பெயரைச் சற்று முன் நீங்களும் காதால் கேட்டீர்கள். தபால்காரர் தாளை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறார்.

அக்கா உங்களைப் பார்க்கவில்லை. உங்களுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறார்.